லோடு பேலன்சர் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

பேசுவதற்கு வசதியாக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் ஓர் அலுவலக ரேக்கில் இரண்டு ஆப் சர்வர்கள்: 10.20.0.11, 10.20.0.12. ஏற்காட்டில் மூன்றாவது: 10.20.8.13. மலைக்கும் ஊருக்கும் நடுவே வயர்கார்டு டனல் (இரு நெட்வொர்க்குகளை இணைக்கும் மறையாக்கப்பட்ட வழி). மூன்றும் 8080 போர்ட்டில் கேட்கின்றன. முன்னால் 10.20.0.5-இல், வரும் கோரிக்கைகளை மூன்றுக்கும் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சராக என்ஜின்எக்ஸ், ஓப்பன் சோர்ஸ் பதிப்பு. ஓடுவது ஏற்காடு விடுதிகளுக்கான அறை முன்பதிவுத் தளம். ஆண்டு முழுக்கச் சாதுவாக இருந்துவிட்டு, மே மாதக் கோடை விழா நெருங்கும்போது சரியாகப் பல்லை இளிக்கும் வகை.

டைரக்டிவ் (கான்ஃபிக் கட்டளை) பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம். கான்ஃபிக் ஃபைலில் சொற்களுக்கு நடுவே இடைவெளி வராது, அண்டர்ஸ்கோர்தான் வரும்.

எதையும் தொடும் முன்: லாக்கை மாற்றுங்கள்

என்ஜின்எக்ஸின் வழக்கமான ஆக்சஸ் லாக்கில் எந்தப் பேக்எண்ட் (பின்னால் இருக்கும் ஆப் சர்வர், கான்ஃபிக்கில் அதன் பெயர் அப்ஸ்ட்ரீம்) பதில் சொன்னது என்ற தகவலே இருக்காது. அது இல்லாமல் பிழை தேடுவது வெறும் ஊகம். லாக் ஃபார்மேட்டில் இந்த ஐந்தையும் சேருங்கள்: அப்ஸ்ட்ரீம் அட்ரஸ் (கான்ஃபிக்கில் ஏ-டி-டி-ஆர் என்று நான்கே எழுத்து), அப்ஸ்ட்ரீம் ஸ்டேட்டஸ், அப்ஸ்ட்ரீம் கனெக்ட் டைம், அப்ஸ்ட்ரீம் ஹெடர் டைம், ரிக்வெஸ்ட் டைம். ரீலோடு செய்த பிறகு வரும் வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

10.20.0.11:8080, 10.20.0.12:8080 | 502, 200 | -, 0.001 | -, 0.180 | 0.184

காற்புள்ளிதான் இங்கே முக்கியம். முதலில் 11-க்குப் போனது, தோற்றது (502), 12-க்குத் திருப்பி விடப்பட்டது, அங்கே 200, அதாவது சரியான பதில், கிடைத்தது. பயனருக்கு எதுவும் தெரியாது. ஆனால் 11-இல் ஏதோ கோளாறு இருக்கிறது என்று லாக் சொல்லிவிட்டது.

அடுத்து ஹெடர் டைம். ஸ்டேட்டஸ் 502 என்று இருந்து ஹெடர் டைமில் வெறும் கோடு இருந்தால், பேக்எண்டிலிருந்து பதிலின் தலைப்புக்கூட வரவில்லை, அந்த 502 பேலன்சர் தானே எழுதிக்கொண்டது. அங்கே ஓர் எண் இருந்தால் 502-ஐக் கொடுத்தது ஆப். அப்போது என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கை நோண்டுவதில் பயனில்லை, ஆப் லாக்கைத் திறங்கள். “லோடு பேலன்சர் பிரச்சினை” என்று வருகிற புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு பார்வையிலேயே வேறு இடத்துக்குப் போய்விடும்.

அறிகுறி: 502

எரர் லாக்கில் அடைப்புக்குறிக்குள் வரும் எண்ணைப் பாருங்கள். அது லினக்ஸ் கொடுக்கிற எண், பொய் சொல்லாது.

111 என்றால் அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. ஆப் விழுந்திருக்கலாம். அல்லது ஆப் 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். சர்வருக்குள்ளேயே கர்ல் அடித்தால் வேலை செய்யும், வெளியிலிருந்து வராது என்பது இரண்டாவதற்கான அடையாளம். 0.0.0.0-க்கோ அந்தச் சர்வரின் சொந்த ஐபிக்கோ மாற்றுங்கள்.

113 வந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். ஃபயர்வால்டி ஓடும் மெஷினில் போர்ட் திறக்கப்படாமல் இருந்தாலும் “வழியே இல்லை” என்றுதான் பதில் வரும். ரூட்டிங்கில் பிழை என்று நினைத்து அரை நாள் அலைய வேண்டாம்.

13 என்றால் அனுமதி மறுப்பு. ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் போன்றவற்றில் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு பேலன்சரை வெளியே இணையவிடாமல் தடுக்கிறது. ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் என்ற பூலியனை நிரந்தரமாக ஆன் செய்தால் போதும். எஸ்இலினக்ஸையே அணைத்துப் போடுவது தேவையற்ற வேலை.

104 அல்லது “பேக்எண்ட் பாதியில் இணைப்பை மூடிவிட்டது” என்ற பொருளில் வரும் வரி: இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சரியான அறிகுறி இது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு கோரிக்கைகள் மட்டும் விழும். கூட்டம் குறைந்த நேரத்தில்தான் விகிதம் கூடும். பக்கங்கள் எல்லாம் நன்றாகத் திறக்கும், “முன்பதிவு செய்” பட்டனை அழுத்தும்போது மட்டும் 502.

காரணம் இரண்டு பக்கக் காத்திருப்பு நேரமும் ஒத்துப்போகாதது. அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் (சர்வர் பட்டியல் இருக்கும் பகுதி) கீப்அலைவ் (இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துவது) போட்டிருந்தால், சும்மா இருக்கும் இணைப்பை என்ஜின்எக்ஸ் 60 நொடி வரை கையில் வைத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு பொறுமை கிடையாது. நோட் ஜேஎஸ்ஸின் பல பதிப்புகளில் இயல்பு அளவு 5 நொடி, கூனிகார்னில் 2 நொடி. ஆப் இணைப்பை மூடுகிற அதே கணத்தில் பேலன்சர் அதன் வழியே புதுக் கோரிக்கையைத் தள்ளினால் கதை முடிந்தது. கெட் (பக்கத்தைக் கேட்கும்) கோரிக்கை என்றால் என்ஜின்எக்ஸ் சத்தமில்லாமல் இன்னொரு முறை அனுப்பிவிடும். போஸ்ட் (படிவத்தை அனுப்பும்) கோரிக்கையை 1.9.13 பதிப்பிலிருந்து அப்படித் திருப்பி அனுப்புவதில்லை. அதனால்தான் பட்டன் மட்டும் உதைக்கிறது.

தீர்வு: ஆப்பின் காத்திருப்பு எப்போதும் பேலன்சரின் காத்திருப்பை விட நீளமாக இருக்க வேண்டும். நோட்டில் 65 நொடி, அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் கீப்அலைவ் டைம்அவுட் 55 நொடி என்று வையுங்கள். கூடவே ப்ராக்ஸி ஹெச்டிடிபி வெர்ஷன் 1.1 என்பதையும், கனெக்ஷன் ஹெடரைக் காலியாக அனுப்புவதையும் வெளிப்படையாகவே எழுதிவிடுங்கள். பல பதிப்புகளில் இவை இல்லையென்றால் கீப்அலைவ் வரி பெயருக்குத்தான் இருக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு: ப்ராக்ஸி நெக்ஸ்ட் அப்ஸ்ட்ரீம் வரியில் நான் ஐடெம்பொட்டன்ட் என்று சேர்ப்பது, அதாவது போஸ்ட்டையும் மறுபடி அனுப்பச் சொல்வது. சேர்த்தால் 502 மறையும். அதற்குப் பதில் ஒரே குடும்பத்துக்கு இரண்டு அறை பதிவாகி, அட்டையிலிருந்து இருமுறை பணம் போகும். சேர்க்காதீர்கள்.

அறிகுறி: எல்லாருக்கும் ஒரே நேரத்தில் 502, சில நொடிகளில் தானே சரியாகிறது

எரர் லாக்கில் உயிரோடு ஒரு அப்ஸ்ட்ரீமும் இல்லை என்று வரும். ஆக்சஸ் லாக்கில் சர்வர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் அப்ஸ்ட்ரீம் பிளாக்கின் பெயரே நிற்கும். சர்வர்களைப் போய்ப் பார்த்தால் மூன்றும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருக்கும்.

என்ஜின்எக்ஸின் ஓப்பன் சோர்ஸ் பதிப்பு தானாகப் போய் உடல்நலம் விசாரிப்பதில்லை. உண்மையான கோரிக்கை தோற்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இயல்பு அளவு மேக்ஸ் ஃபெயில்ஸ் 1, ஃபெயில் டைம்அவுட் 10 நொடி. அதாவது ஒரே ஒரு முறை தடுக்கினால் 10 நொடிக்கு ஆட்டத்திலிருந்து வெளியே. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் திணறினால் மூன்று சர்வரும் அடுத்தடுத்து வெளியே போய்விடும். மேக்ஸ் ஃபெயில்ஸை 3 ஆக்குங்கள்.

அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் ஜோன் (எல்லா ஒர்க்கருக்கும் பொதுவான நினைவிடம்) வரி ஒன்று, 64 கே அளவில், கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் ஒவ்வொரு ஒர்க்கர் பிராசஸும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும். ஓர் ஒர்க்கர் சர்வரை ஒதுக்கியிருக்கும், இன்னொன்று அதே சர்வருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னொரு பொறி: நெக்ஸ்ட் அப்ஸ்ட்ரீம் வரியில் ஹெச்டிடிபி 500 என்று சேர்த்திருப்பது. சேர்த்ததும் 500 பதிலும் தோல்விக் கணக்கில் ஏறும். ஒரு குறிப்பிட்ட விடுதியின் பக்கம் நிரல் பிழையால் எப்போதும் 500 கொடுக்கிறது என்று வையுங்கள். அந்த முகவரியை யாராவது நாலு முறை ரிஃப்ரெஷ் செய்தால், என்ஜின்எக்ஸ் அதை 11, 12, 13 என்று வரிசையாகக் கொண்டுபோய் மூன்றையுமே கவிழ்த்துவிடும். ஒரு பக்கத்தின் பிழை மொத்தத் தளத்தையும் சாய்க்கிறது. 500-ஐ அந்த வரியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஹெச்ஏ ப்ராக்ஸி என்ற இன்னொரு பேலன்சரில் இந்தக் கதை வேறு. செக் போட்டால் 2 நொடிக்கு ஒருமுறை தானே விசாரிக்கும், 3 முறை தோற்றால் வெளியே, 2 முறை தேறினால் உள்ளே. எல்லாரும் வெளியே என்றால் 502 வராது, 503 வரும். ஆனால் செக் என்று மட்டும் எழுதினால் அது டிசிபி இணைப்பை மட்டும்தான் பார்க்கும். ஆப் உள்ளே உறைந்து கிடந்தாலும் போர்ட் திறந்திருந்தால் “நலம்” என்றுதான் காட்டும். ஆப்ஷன் ஹெச்டிடிபிசெக் போட்டு ஒரு பக்கத்தைக் கேட்க வையுங்கள். அந்தப் பக்கத்துக்குள் டேட்டாபேஸ் சோதனையைத் திணிக்காதீர்கள். டேட்டாபேஸ் மூன்றுக்கும் பொது என்பதால் அது தடுக்கினால் மூன்றும் ஒன்றாக வெளியேறும்.

அறிகுறி: 504 (பேக்எண்ட் நேரத்துக்குப் பதில் தரவில்லை), அல்லது சிலருக்கு மட்டும் ஒரு நிமிடம் தொங்குகிறது

ரிக்வெஸ்ட் டைமைப் பாருங்கள். 60.00 என்று துல்லியமாக நின்றால் அது தற்செயல் கிடையாது, ஏதோ ஒரு டைம்அவுட் முட்டியிருக்கிறது. 120 என்றால் இரண்டு சர்வரில் அடுத்தடுத்து, 180 என்றால் மூன்றிலும்.

கனெக்ட் டைம் இடத்தில் கோடு இருந்தால் இணைப்பே கிடைக்கவில்லை. ப்ராக்ஸி கனெக்ட் டைம்அவுட் இயல்பாகவே 60 நொடி. இந்த அமைப்புக்கு அது மிக அதிகம். ஆப் மட்டும் விழுந்த மெஷின் “இல்லை” என்று உடனே சொல்லிவிடும். மின்சாரம் போன மெஷின் எதுவும் சொல்லாது. சேலம் லேனில் (உள்ளூர் நெட்வொர்க்கில்) இருப்பது அப்படிப் போனால் ஏஆர்பி (அந்த ஐபிக்குரிய மெஷினைத் தேடும் கேள்வி) பதில் வராமல் ஏறக்குறைய 3 நொடியில் 113 வந்துவிடும். ஏற்காட்டில் இடி மழையில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்தால், டனலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பேலன்சர் 60 நொடியும் காத்துக் கிடக்கும். கனெக்ட் டைம்அவுட் 2 நொடி, நெக்ஸ்ட் அப்ஸ்ட்ரீம் ட்ரைஸ் 2 என்று வையுங்கள்.

கனெக்ட் டைமில் எண் இருந்து, ஹெடர் டைமில் கோடு இருந்தால் ஆப் யோசித்துக்கொண்டே இருக்கிறது. ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் என்பது மொத்த நேரத்துக்கான வரம்பு அல்ல, இரண்டு வாசிப்புகளுக்கு இடையேயான இடைவெளிக்கான வரம்பு. மாதாந்திர அறிக்கை எடுக்கும் ஒரு பக்கத்துக்காக இதைத் தளம் முழுக்க 300 ஆக்குவது வழக்கமான தவறு. அந்த ஒரு முகவரிக்குத் தனி லொகேஷன் பிளாக் எழுதி அங்கே மட்டும் கூட்டுங்கள்.

லாக்கில் 499 வந்தால் பயனர் பொறுமையிழந்து மூடிவிட்டுப் போனார் என்று அர்த்தம். 499 கூடிக்கொண்டே போனால் 504 வரப்போகிறது.

அறிகுறி: சின்னப் பக்கம் வருகிறது, பெரிய பக்கம் பாதியில் நிற்கிறது, அதுவும் ஏற்காடு சர்வர் 13-இல் மட்டும்

ஹெல்த் செக் பச்சையாக இருக்கும். உள்நுழைவுப் பக்கம் வரும். விடுதிப் பட்டியலோ படங்களோ வரும்போது அப்படியே உறைந்து நிற்கும். ஆப் லாக்கில் பிழை எதுவும் இருக்காது. இது எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, செய்யும் வேலை.

வயர்கார்டு இயல்பாக 1420 வைக்கிறது. வெளி உறை ஐபிவி6 என்றால் 80 பைட், ஐபிவி4 என்றால் 60. 1420-உம் 80-உம் சேர்ந்து 1500, கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் வீட்டு ரக ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ (8 பைட் கூடுதல் உறை போடும் இணைப்பு முறை) வழியாக வந்தால் அங்கே இடம் 1492தான். ஐபிவி6 மேல் டனல் ஓடினால் 8 பைட் வழியும். வழியும் பாக்கெட் துண்டாகும், துண்டுகளை நடுவில் ஏதாவது ஒரு கருவி கீழே போட்டுவிடும். சின்னப் பதில் ஒரே பாக்கெட்டில் அடங்கிவிடுவதால் தப்பித்துக்கொள்கிறது.

சோதனையை ஏற்காடு பக்கமிருந்து செய்யுங்கள், ஏனென்றால் பெரிய தரவு அங்கிருந்துதான் கிளம்புகிறது. 13-இலிருந்து 10.20.0.5-க்கு, துண்டாக்காதே என்ற ஆப்ஷனோடு (சின்ன எழுத்தில் இல்லாமல் பெரிய எம், பிறகு “டூ”), 1392 பைட் பிங் அனுப்புங்கள். 1392-உடன் ஹெடருக்கு 28 சேர்த்தால் 1420. பதில் வராவிட்டால் எண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து எங்கே பதில் வருகிறது என்று பிடியுங்கள். அந்த எண்ணோடு 28-ஐக் கூட்டி, இரு முனையிலும் டனல் எம்டியுவாக வையுங்கள். மேலே சொன்ன பிபிபிஓஇ நிலைமைக்கு 1412 பொருந்தும். டனல் முடிவது சர்வரில் இல்லாமல் தனி ரவுட்டரில் என்றால் அந்த ரவுட்டரில் டிசிபி எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவை) 1372-க்கு வெட்டிவிட வேண்டும்.

இதைச் சரிசெய்த பின்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மலையில் இருக்கும் சர்வரைச் சேலத்துச் சர்வர்களோடு சரிசமமாக ரவுண்ட் ராபினில் (முறைவைத்துப் பகிர்வதில்) வைக்கத்தான் வேண்டுமா? டேட்டாபேஸ் சேலத்தில் இருந்தால் ஒவ்வொரு குவெரியும் மலை இறங்கி ஏற வேண்டும். போய்வர 12 மில்லிநொடி என்று வைத்தால்கூட, 30 குவெரி ஓடும் பக்கம் அதிலேயே 360 மில்லிநொடி இழக்கும். 13-க்கு பேக்அப் என்று குறித்துவிடுவதே நல்லது. ஐபி ஹாஷ், ஹாஷ், ரேண்டம் முறைகளோடு பேக்அப் சேராது என்பதை நினைவில் வையுங்கள். ரிமோட்டில் பவரை அணைத்து ஏற்றும் வசதி இல்லாமல் அங்கே சர்வர் வைக்கவும் வேண்டாம். ஒரு ரீபூட்டுக்காக ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவு ஏற யாரும் வரமாட்டார்கள்.

அறிகுறி: உள்நுழைந்தவரை அடிக்கடி வெளியே தள்ளுகிறது

ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய ஒரு முறை உள்ளே, ஒரு முறை வெளியே என்று மாறி மாறி வந்தால் செஷன் (உள்நுழைவு நிலை) அந்தந்தச் சர்வரின் வட்டில் கிடக்கிறது. ரெடிஸ் என்ற பொதுச் சேமிப்புக்கு மாற்றுங்கள். மாற்றியும் அப்படியே இருந்தால் மூன்று சர்வரிலும் ஆப்பின் ரகசியச் சாவி ஒன்றுதானா என்று பாருங்கள். லாராவெல், ஜாங்கோ எதுவானாலும், சாவி வேறென்றால் ஒன்று கையெழுத்திட்ட குக்கியை இன்னொன்று குப்பையில் போடும். டோக்கன் முறை என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். ஒரு சர்வர் ஒரு நிமிடம் பின்தங்கியிருந்தால் “இந்த டோக்கன் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை” என்று மறுத்துவிடும். மூன்றிலும் கடிகாரத்தை ஒத்துவைக்கும் க்ரோனி ஓட வேண்டும்.

அவசரத்துக்கு ஐபி ஹாஷ் (பயனரின் ஐபியை வைத்துச் சர்வரைத் தீர்மானிப்பது) போடுவார்கள். ஐபிவி4-இல் அது முதல் மூன்று எண்களை மட்டும்தான் கணக்கில் எடுக்கும். ஒரே மொபைல் நிறுவனத்தின் பொது ஐபிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருக்கும்போது அத்தனை பேரும் ஒரே சர்வரில் குவிவார்கள். “ஒரு சர்வர் மட்டும் வேகிறது, மற்றது சும்மா இருக்கிறது” என்ற புகாரின் வேர் பல நேரம் இதுதான். சுமை ஏறுமாறாக இருக்க மற்றொரு காரணம் வெப்சாக்கெட் போன்ற நீண்ட இணைப்புகள். அதற்கு லீஸ்ட் கான் (குறைந்த இணைப்புள்ள சர்வருக்கு அனுப்புவது) பொருத்தம்.

சில்லறைக் கோளாறுகள்

எல்லாக் கோரிக்கைக்கும் 400: அப்ஸ்ட்ரீம் பிளாக்கின் பெயரில் அண்டர்ஸ்கோர் இருக்கிறதா? ஹோஸ்ட் ஹெடரை நீங்கள் குறிப்பிடாவிட்டால் அந்தப் பெயரே ஹோஸ்டாகப் போகும். ஜாங்கோ அதைச் செல்லாத பெயர் என்று தள்ளிவிடும். பயனர் அனுப்பிய ஹோஸ்டையே கடத்துங்கள்.

முடிவில்லாத ரீடைரக்ட்: ஹெச்டிடிபிஎஸ் பேலன்சரிலேயே முடிந்துவிடுகிறது. ஆப்புக்குத் தெரிவது வெறும் ஹெச்டிடிபி, அதனால் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடரைக் கொடுங்கள், ஆப் அதை நம்பும்படி அமையுங்கள். பேலன்சரின் 10.20.0.5-இலிருந்து வந்தால் மட்டும் நம்ப வேண்டும்.

அடையாள அட்டைப் படத்தை ஏற்றும்போது 413: இயல்பு வரம்பு 1 எம்பி. கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸைக் கூட்டுங்கள்.

உள்நுழைந்த சிலருக்கு மட்டும் 502, எரர் லாக்கில் ஹெடர் பெரிதாக இருக்கிறது என்ற வரி: குக்கி பெருத்துவிட்டது. ப்ராக்ஸி பஃபர் சைஸை 16 கே ஆக்குங்கள், கூடவே ப்ராக்ஸி பஃபர்ஸையும் 8, 16 கே என்று உயர்த்துங்கள், இல்லையென்றால் கான்ஃபிக் சோதனையே தோற்கும்.

அறிகுறி: கூட்டம் ஏறினால் மட்டும் விழுகிறது

எரர் லாக்கில் 99 வந்தால் பேலன்சரிடம் வெளியே போகப் போர்ட் தீர்ந்துவிட்டது. லினக்ஸ் இயல்பாகக் கொடுப்பது 32768 முதல் 60999 வரை, மொத்தம் 28,232. மூடிய இணைப்பு 60 நொடி டைம்வெயிட்டில் கிடக்கும். வகுத்தால், ஒரு பேக்எண்ட் போர்ட்டுக்கு நொடிக்கு சுமார் 470 புது இணைப்புக்கு மேல் தாங்காது. போர்ட் எல்லையை 1024-இலிருந்து திறந்துவிடுவது தற்காலிகம்தான், கீப்அலைவ் சரியாக வேலை செய்தால் இந்த எண்ணை நெருங்கவே மாட்டீர்கள்.

24 என்றால் திறந்த ஃபைல்களின் வரம்பு. ஒர்க்கர் ஆர்லிமிட் நோஃபைலை உயர்த்துங்கள். ஒர்க்கர் கனெக்ஷன்ஸ் கணக்குப் போடும்போது ஒரு பயனருக்கு இரண்டு இணைப்பு என்று எண்ணுங்கள்: அவர் பக்கம் ஒன்று, ஆப் பக்கம் ஒன்று.

அறிகுறி: இரண்டு பேலன்சர் வைத்த பிறகு தளம் விட்டுவிட்டு வருகிறது

கீப்அலைவ்டி (ஒரு பேலன்சர் விழுந்தால் மற்றதை முன்னால் நிறுத்தும் மென்பொருள்) வைத்து மிதக்கும் ஐபி கொடுத்திருந்தால், இரண்டு மெஷினிலும் ஐபி அட்ர் கட்டளை அடித்துப் பாருங்கள். இரண்டிலும் அந்த ஐபி இருந்தால் இரண்டுமே தன்னைத் தலைவன் என்று நினைத்துக்கொண்டிருக்கின்றன. அவை தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஆர்ஆர்பி என்பது டிசிபியும் இல்லை, யுடிபியும் இல்லை. அது ஐபி ப்ரோட்டோகால் எண் 112, முகவரி 224.0.0.18. ஃபயர்வாலில் போர்ட் திறந்து பயனில்லை, ப்ரோட்டோகாலையே அனுமதிக்க வேண்டும். சுவிட்ச் மல்டிகாஸ்ட்டை விழுங்குகிறது என்றால் யூனிகாஸ்ட் பியர் போடுங்கள். விர்ச்சுவல் ரவுட்டர் ஐடி இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும், அதே லேனில் வேறு யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. எல்லாரும் 51 என்று காப்பியடித்து வைத்திருப்பார்கள், மாற்றுங்கள்.

காத்திருக்கும் மெஷினில் என்ஜின்எக்ஸ் எழவே மறுத்தால், இன்னும் தன்னிடம் வராத ஐபியில் கேட்க முயல்கிறது. ஐபி நான்லோக்கல் பைண்ட் கெர்னல் அமைப்பை 1 ஆக்குங்கள்.

அறிகுறி: கான்ஃபிக்கை மாற்றியும் ஒன்றும் மாறவில்லை

என்ஜின்எக்ஸ் கட்டளையோடு சின்ன டி ஆப்ஷன் போட்டால் சோதனை மட்டும். பெரிய டி போட்டால் அது படிக்கிற மொத்தக் கான்ஃபிக்கும் திரையில் வரும். நீங்கள் திருத்திய ஃபைல் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். திருத்தியது ஒரு காப்பியாக இருப்பது நினைப்பதை விட அதிகம். ஃபைல் இருந்தும் பழைய நடத்தை தொடர்ந்தால், பிஎஸ் பட்டியலில் மூடிக்கொண்டிருப்பதாகக் காட்டும் பழைய ஒர்க்கர்களைப் பாருங்கள். வெப்சாக்கெட் இணைப்பு ஒன்று உயிரோடு இருக்கும் வரை பழைய ஒர்க்கர் பழைய கான்ஃபிக்கோடு நீடிக்கும். ஒர்க்கர் ஷட்டவுன் டைம்அவுட்டை 5 நிமிடம் என்று வைத்துவிடுங்கள்.

அப்ஸ்ட்ரீம் பிளாக்கில் ஐபிக்குப் பதில் பெயர் எழுதியிருந்து, டிஎன்எஸ்ஸில் ஐபியை மாற்றியிருந்தால், என்ஜின்எக்ஸ் அதைக் கவனிக்காது. தொடங்கும்போதும் ரீலோடின்போதும் மட்டும்தான் பெயரைத் தேடும். ஓப்பன் சோர்ஸ் பதிப்பில் சர்வர் வரியில் ரிசால்வ் போடும் வசதி 1.27.3-இல்தான் வந்தது. அதற்கும் ஜோன் வரியும் ரிசால்வர் வரியும் தேவை. பழைய பதிப்பு என்றால் டிஎன்எஸ் மாற்றிய கையோடு ரீலோடு செய்துவிடுங்கள்.